வாய்வு மாத்திரை கேட்டு வந்தவர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேரன்மகாதேவி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் 26 ஆண்டுகளாக மருந்துக்கடை நடத்திவருகிறேன். மருந்தாளுநர் பட்டயம் பெற்றவன். பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவது இதுவே முதல் முறை. என் கடைக்கு எதிர்ச்சுவரில் சென்ற தை மாதம் ஒட்டிய கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒன்று இன்னும் முழுதாகக் கிழியாமல் இருக்கிறது. காலையில் ஷட்டரைத் தூக்கிவிட்டுத் திரும்பினால் அந்த முகத்தில்தான் கண் விழுகிறது. அவர் இறப்பதற்கு ஆறு மணி நேரத்துக்கு முன்னால் அவருக்கு வாய்வு மாத்திரை கொடுத்தவன் நான்.

அவருடைய மனைவியிடமும் மகனிடமும் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்கள். வாழைத்தார் கமிஷன் கடையில் கணக்கு எழுதியவர், வயது 61 என்று சொன்னால் போதும். பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை மாத்திரையை என்னிடம்தான் வாங்கிவந்தார். மாதம் பிறந்தால் ஐந்தாம் தேதிக்குள் வந்துவிடுவார்.

அன்று இரவு ஒன்பதரை மணி. ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தேன். குனிந்து உள்ளே பார்த்து, "தம்பி" என்றார். வெளியே வந்தேன். "மத்தியானம் கல்யாண வீட்டில் சாப்பாடு" என்று சொல்லி நிறுத்தினார். மூச்சு வாங்கிக்கொண்டு, "அதிலிருந்து நெஞ்சு நிறைந்தாற்போல் இருக்கிறது" என்றார். மறுபடியும் நிறுத்தி, "வாய்வுக்கு ஏதாவது கொடு" என்றார்.

"வலிக்கிறதா அண்ணாச்சி?"

"வலியெல்லாம் இல்லை. மூச்சுதான், உள்ளே இறங்க மாட்டேன் என்கிறது."

ஒரு கையால் கண்ணாடி மேசையின் விளிம்பைப் பிடித்திருந்தார். இன்னொரு கையில் இருந்த துண்டால் பிடரியைத் துடைத்தார். நான் மாத்திரையை எடுத்து வருவதற்குள் மூன்று தடவை துடைத்துவிட்டார். ஆற்றங்கரை ஊரில் தை மாத இரவு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நான் காதை மூடி மஃப்ளர் கட்டியிருந்தேன். அவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, பத்து மாத்திரை உள்ள ஓர் அட்டையையும் செரிமான மருந்து ஒரு சிறு பாட்டிலையும் எடுத்துக் கொடுத்தேன். "விடியட்டும், டாக்டரைப் பார்க்கிறேன்" என்றார். "ஆமாம், சுடுதண்ணீர் குடித்துவிட்டுப் படுங்கள்" என்றேன் நான்.

அதிகாலை மூன்றரை மணிக்குத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே கார் இருக்கையில் உயிர் போய்விட்டது.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த பிறகு மகன் கடைக்கு வந்தான். சட்டைப் பையிலிருந்து அந்த அட்டையை எடுத்து மேசையில் வைத்தான். எட்டு மாத்திரை மீதி இருந்தது. திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை, காசும் கேட்கவில்லை. "அண்ணாச்சி, இது எதற்கு உள்ள மாத்திரை?" என்று மட்டும் கேட்டான். "வாய்வுக்கு" என்றேன். சற்று நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டான்.

அதன்பிறகு எனக்குத் தெரிந்த மருத்துவர் ஒருவரிடம் போய் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. சர்க்கரை நாள்பட்டால் நரம்புகள் மரத்துப்போகும் என்று விளக்கினார். பாதத்தில் முள் தைத்தது தெரியாமல் நடக்கிறார்களே, அதுபோல மாரடைப்பு வந்தாலும் அவர்களுக்கு நெஞ்சு வலி தெரியாமல் போகலாம். சர்க்கரைக்காரர்களுக்கும், வயதானவர்களுக்கும், பெண்களுக்கும் மாரடைப்பு பல நேரம் வலியாக வராமல் மூச்சுத்திணறலாக வரும். கூடவே வேர்வை, குமட்டல், கை கால் ஓய்ந்துபோவது போன்ற களைப்பு இருக்கும். "நீங்கள் வலி உண்டா என்று கேட்டீர்கள். அவருக்கு மூச்சுதான் வலி" என்றார். அந்த வாக்கியம் என்னைத் தூங்கவிடவில்லை.

நம் பக்கத்தில் மூச்சுக் கஷ்டத்துக்குச் சொற்கள் குறைவில்லை. மூச்சிரைப்பு ஓடி வந்தவனுக்கும் வரும், நின்றால் அடங்கும். இழுப்பு என்றால் நெஞ்சுக்குள் விசில் சத்தம் கேட்கும். மூச்சு முட்டுகிறது என்றால் இழுக்கிற காற்று போதவில்லை. மேல்மூச்சு வாங்குகிறது என்று ஒரு வீட்டில் சொல்லிவிட்டால் வெளியூர்ச் சொந்தங்களுக்குப் போன் போய்விடும். இவ்வளவு நுட்பமாகப் பேசத் தெரிந்த நாம், மருந்துக்கடைப் படி ஏறும்போது மட்டும் எல்லாவற்றையும் 'வாய்வு' என்ற ஒரு சொல்லுக்குள் போட்டு மூடிவிடுகிறோம். சுக்குத் தண்ணீர், பெருங்காயம், சோடா என்று வீட்டில் வரிசையாகப் பார்த்துவிட்டு, அதிலும் கேட்காவிட்டால் என்னிடம் வருகிறார்கள். வாய்வு இல்லையென்றால் 'வயதாகிவிட்டது' என்கிறோம். இந்த இரண்டு சொற்களும் சேர்ந்து எத்தனை பேரைக் காத்திருக்க வைத்திருக்கின்றன என்பதைக் கடையில் நின்று பார்த்தவன் என்பதால்தான் எழுதுகிறேன்.

பத்தமடையிலிருந்து ஒரு பெண், தன் அத்தைக்கு இருமல் மருந்து வேண்டும் என்று இரண்டு வாரத்தில் மூன்றாவது முறையாக வந்தாள். முன்பென்றால் பாட்டிலை எடுத்துக் கொடுத்திருப்பேன். இப்போது கேட்கப் பழகியிருக்கிறேன்.

"இருமல் எப்போது வருகிறதம்மா?"

"படுத்தால் வருகிறது அண்ணாச்சி. எழுந்து உட்கார்ந்தால் நின்றுவிடுகிறது."

"தலைக்கு எத்தனை தலையணை வைக்கிறார்கள்?"

"முன்பெல்லாம் ஒன்றுதான். அப்புறம் இரண்டு. இப்போது நாலு நாளாகச் சுவரில் சாய்ந்துதான் தூங்குகிறார்கள்."

"கால் வீங்கியிருக்கிறதா?"

அவள் யோசித்தாள். "வீக்கம் என்று பார்க்கவில்லை. மெட்டி இறுக்குகிறது என்று நேற்றுதான் சோப்பு போட்டுக் கழற்றினோம்."

இருமல் மருந்து கொடுக்கவில்லை. அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகச் சொன்னேன். இதயம் பலவீனமானால் உடம்பில் நீர் தேங்கும். பகலில் அது காலில் இறங்கி நிற்கும். படுத்தவுடன் இரத்தத்தோடு மேலேறி நுரையீரலில் கசியத் தொடங்கும். அதனால்தான் தூங்கி ஒன்றிரண்டு மணி நேரத்தில் மூச்சு முட்டி விழித்துக்கொண்டு, ஜன்னலைத் தேடி ஓடுகிறார்கள். உட்கார்ந்தால் சற்று இலேசாகும். அந்த இலேசை நம்பித்தான் வீட்டார் விடியட்டும் என்கிறார்கள். இந்த அம்மாளுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே இதயக் கோளாறு என்று சொல்லி, நீர் பிரியும் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். திருச்செந்தூருக்குக் குடும்பத்தோடு பஸ்ஸில் போகும்போது வழியில் இறங்க இடமிருக்காதே என்று அதை நிறுத்தியிருக்கிறார். திரும்பி வந்தும் தொடங்கவில்லை. நடுவில் ஒரு வாரம் கருவாட்டுக் குழம்பும் ஊறுகாயுமாகப் போயிருக்கிறது. பெண்கள் பயணத்துக்காக இந்த மாத்திரையை நிறுத்துவது நான் மாதம் ஒன்றிரண்டு பார்க்கிற விஷயம். அவர்களைத் திட்டிப் பயனில்லை, நம் சாலைகளில் அவர்கள் இறங்கிப்போக இடம் இல்லை என்பது உண்மை. ஆனால் நிறுத்துவதற்கு முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டால், பயண நாளில் எந்த வேளைக்கு மாற்றிப் போடலாம் என்று சொல்லித்தருவார். இப்போது அந்த அம்மாள் தினமும் காலையில் எடை பார்த்து, நாட்காட்டித் தாளில் குறித்துவைக்கிறார். இரண்டு மூன்று நாளில் எடை இரண்டு கிலோ ஏறினால் அது சதை அல்ல, நீர். மூச்சு முட்டுவதற்கு முன்பே எடைக்கருவி சொல்லிவிடும்.

முக்கூடல் பக்கத்திலிருந்து பீடி சுற்றும் ஒரு பெண் வருவாள். வயது 38. "படித்துறையில் பத்துப் படி ஏறினால் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, ஒரு டானிக் கொடுங்கள் அண்ணாச்சி" என்பாள். ஒன்றரை ஆண்டில் நான்கு டானிக் விற்றிருக்கிறேன். மடியில் தட்டை வைத்துக்கொண்டு நாள் முழுக்க இலையும் தூளுமாக உட்கார்ந்திருப்பதால் தூள் நெஞ்சில் சேர்ந்துவிட்டது என்று அவள் நினைத்தாள், நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் எடுத்துப் பார்த்தபோது ஹீமோகுளோபின் 6.2. பெண்களுக்கு 12க்குக் குறையக் கூடாது. கீழ் இமையை இறக்கிக் காட்டச் சொன்னார் அங்குள்ள செவிலியர், சலவைத் துணிபோல் இருந்தது என்றாள். மாதவிலக்கில் ஒன்றரை ஆண்டாக அளவுக்கு மீறி இரத்தம் போயிருக்கிறது. கணவனிடமும் சொல்லவில்லை, என்னிடம் எப்படிச் சொல்வாள்? 2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. எனவே படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று ஒரு பெண் சொன்னால் முதலில் செய்ய வேண்டியது இரத்தப் பரிசோதனை. அரசு சுகாதார நிலையத்தில் அதற்குச் செலவில்லை. டானிக் பாட்டில் விலையில் நான்கு நாள் காய்கறி வாங்கலாம். இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு போடாதீர்கள், டீ அதை உடம்பில் சேரவிடாது. எலுமிச்சைச் சாற்றோடு போடலாம்.

இழுப்பு உள்ளவர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். என் கடையில் மிகத் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட பொருள் இன்ஹேலர் என்ற உறிஞ்சு மருந்துதான், மக்கள் 'பம்ப்' என்கிறார்கள். "பம்ப் பழக்கிவிட்டால் விடாது, பையனுக்கு மாத்திரையே கொடுங்கள்" என்று கேட்காத தாய் தகப்பன் குறைவு. கணக்கைச் சொல்கிறேன். இழுப்புக்குக் கொடுக்கும் சால்புட்டமால் மாத்திரை ஒன்று 4 மில்லிகிராம், அதாவது 4000 மைக்ரோகிராம். அதே மருந்து உள்ள பம்பை ஒரு முறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம். இரண்டு முறை இழுத்தாலும் மாத்திரையில் இருக்கும் மருந்தில் இருபதில் ஒரு பங்குதான். மாத்திரை வயிற்றுக்குப் போய், இரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றி, கையை நடுங்கவைத்துவிட்டு நெஞ்சுக்கு வருகிறது. பம்ப் நேரே நுரையீரலுக்குப் போகிறது. பழக்கிவிடுவது பம்ப் இல்லை. பழகிப்போவது நோயைக் கவனிக்காமல் விடுவதுதான். உடனடி ஆறுதலுக்கான பம்பை வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் தேடுகிறீர்கள் என்றால், நோய் கட்டுக்குள் இல்லை என்று பொருள். தினமும் இழுக்க வேண்டிய தடுப்பு மருந்து ஒன்று உண்டு. அதை மருத்துவர் எழுதித் தர வேண்டும்.

'வீசிங்குக்கு ஒரு செட் மாத்திரை' என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தச் செட்டில் இருக்கும் சின்ன வெள்ளை மாத்திரை ஸ்டீராய்டு. மருத்துவர் கணக்காகக் கொடுத்தால் அது உயிர் காக்கும். கடையில் வாங்கி மாதக்கணக்கில் போட்டால் சர்க்கரையை ஏற்றும், எலும்பைக் கரைக்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இழுப்பு முற்றியவருக்கு விசில் சத்தம் திடீரென்று நின்று, ஆளும் சோர்ந்து கண் சொருகினால் குணமாகிவிட்டது என்று வீட்டார் நிம்மதி அடைகிறார்கள். அது குணம் இல்லை. சத்தம் போடுமளவுக்குக்கூடக் காற்று போகவில்லை என்று அர்த்தம். அதைவிட அவசரம் வேறு கிடையாது.

பீடி, சிகரெட் பிடித்தவர்களுக்கு நுரையீரல் கெடுவது எல்லோருக்கும் தெரியும். ஒரு நாளும் பிடிக்காத ஆச்சிகளுக்கும் அதே நோய் வருவது பலருக்குத் தெரியாது. ஓட்டு வீட்டு அடுப்படியில் நாற்பது ஆண்டு விறகு ஊதியவர்கள் அவர்கள்.

சின்னக் குழந்தைகளுக்குச் சளி என்றால் தாய்மார்கள் சட்டையைத் தூக்கிவிட்டு நெஞ்சைப் பார்க்க வேண்டும். குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது, கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, ஓர் ஆண்டுக்குள் 50, ஐந்து ஆண்டுக்குள் 40 என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. அந்த எண்ணிக்கையைத் தொட்டாலோ தாண்டினாலோ அது வெறும் சளி இல்லை, நிமோனியாவாக இருக்கலாம். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும், பால் குடிக்க முடியாமல் விட்டுவிட்டாலும் எண்ணிக்கொண்டு உட்காராமல் புறப்பட வேண்டும். தயவுசெய்து மூக்கில் எண்ணெய் விடாதீர்கள். அது நுரையீரலுக்குள் இறங்கி அங்கேயே தங்கிப் புண்ணாக்கும். பெரியவர்கள் நல்லெண்ணத்தோடு செய்வதுதான், ஆனாலும் வேண்டாம்.

திடீரென்று வரும் மூச்சுத்திணறல் இன்னும் சில உண்டு. அறுவைச் சிகிச்சை செய்து படுத்திருந்தவருக்கோ பிள்ளை பெற்றவளுக்கோ ஒரு கால் மட்டும் வீங்கி, பிறகு சட்டென்று மூச்சு வாங்கினால், காலில் உறைந்த இரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம். வயல்காட்டு வீடுகளில் தரையில் படுத்தவர் விடியற்காலையில் வயிற்று வலியோடு எழுந்து, இமை இரண்டும் சரிந்து, பேச்சு குழறி, மூச்சு தளர்ந்தால் கட்டுவிரியனை நினைக்க வேண்டும். கடித்த தடம் பெரும்பாலும் தேடினாலும் கிடைக்காது, கடித்த இடத்தில் வலியும் அநேகமாக இருக்காது. மந்திரிக்கப் போகிற நேரம் மூச்சு நிற்கிற நேரமாகிவிடும். விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனையில் இருக்கிறது.

மனப் பதற்றத்தாலும் மூச்சு முட்டும், விரல் நுனி மரமரக்கும். அது நடிப்பு இல்லை, உண்மையான அவஸ்தை. ஆனால் முதல் தடவை வரும்போது 'டென்ஷன்தான்' என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி வீட்டில் யாருக்கும் இல்லை, கடையில் எனக்கும் இல்லை.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியைப் பற்றி ஒன்று. 2021இல் கொரோனா இரண்டாவது அலையின்போது என் கடையில் ஒரே வாரத்தில் இருந்ததெல்லாம் விற்றுத் தீர்ந்தது. அதன் அடிப்படைத் தத்துவத்தைக் கண்டவர் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகி. உலகமே அந்தக் கருவியைத் தேடிய 2020 ஏப்ரலில்தான் அவர் காலமானார். கும்பிட வேண்டிய மனிதர். இன்று அது பல வீடுகளில் பீரோவுக்குள் பாட்டரி தீர்ந்து கிடக்கிறது. எடுத்து பாட்டரி மாற்றி வையுங்கள். ஐந்து நிமிடம் உட்கார்ந்து, விரல் சில்லிட்டிருந்தால் தேய்த்துச் சூடாக்கிவிட்டு மாட்டுங்கள். நகப்பூச்சும் கறுத்த மருதாணியும் கணக்கைக் கெடுக்கும். 95க்கு மேல் இருப்பது இயல்பு. 94க்குக் கீழே இறங்கினால் மருத்துவரைப் பார்க்க வேண்டும், 90க்குக் கீழே என்றால் ஆம்புலன்ஸ். நாள்பட்ட நுரையீரல் நோயாளிகள் சிலருக்கு 88 முதல் 92 வரை போதும் என்று மருத்துவரே சொல்லியிருப்பார். அவர்கள் அந்தக் கணக்கைத்தான் பார்க்க வேண்டும்.

ஆனால் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். அன்று இரவு என் மேசை இழுப்பறையில் அந்தக் கருவி இருந்தது. மாட்டிப் பார்க்கவில்லையே என்று முதலில் வருந்தினேன். மருத்துவர் சொன்ன பிறகுதான் தெரிந்தது, மாரடைப்பின் தொடக்கத்தில் 96, 97 என்றுகூடக் காட்டும். அதைப் பார்த்து நான் இன்னும் தைரியமாக மாத்திரை கொடுத்து அனுப்பியிருப்பேன். எண் நன்றாக இருந்து ஆள் நன்றாக இல்லையென்றால், ஆளைத்தான் நம்ப வேண்டும்.

எப்போது போக வேண்டும் என்று கேட்டால், என் அனுபவத்தில் முதல் அடையாளம் பேச்சு. ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க முடியாதவரை அடுத்த பஸ்ஸுக்காகக்கூட நிறுத்திவைக்கக் கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, மல்லாந்து படுக்க முடியாதது, வேர்த்துக் கொட்டுவது, நெஞ்சு இறுகுவது அல்லது நிறைந்தாற்போல் இருப்பது, உதடும் நகமும் நீலமாகவோ சாம்பலாகவோ மாறுவது, மயக்கம், பேச்சில் குழப்பம், இருமினால் இரத்தம், பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு மூச்சு முப்பதைத் தொடுவது – இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த நேரமே புறப்பட வேண்டும். மணி என்ன என்று பார்க்க வேண்டாம். போன மாதம் நிற்காமல் ஏறிய படியில் இந்த மாதம் நின்று ஏறுகிறீர்கள் என்றால் இந்த வாரத்துக்குள் ஒரு மருத்துவரைப் பாருங்கள். இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குச் சளிப் பரிசோதனை அரசு மருத்துவமனையில் இலவசம்.

108 என்றால் சாலை விபத்துக்கும் பிரசவத்துக்கும் மட்டும் என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். தமிழ்நாட்டில் அது 2008இல் வந்தது, மூச்சுத்திணறலுக்கும் வரும். வண்டியில் ஆக்சிஜன் இருக்கும், பயிற்சி பெற்றவர் கூட இருப்பார். கூப்பிட்டால் "மூச்சுத்திணறல்" என்ற சொல்லை முதலில் சொல்லுங்கள், பிறகு கோயில், பள்ளிக்கூடம் என்று ஓர் அடையாளம் சொல்லுங்கள். வண்டி வரும்வரை அவரைப் படுக்கவைக்காதீர்கள். நாற்காலியில் உட்காரவைத்து, முன்னால் ஒரு மேசையிலோ தலையணையிலோ கையை ஊன்றிச் சற்று முன்சாய்ந்து இருக்கச் சொல்லுங்கள். சட்டைப் பொத்தானைத் தளர்த்துங்கள். சோடா, சுக்குத் தண்ணீர் எதுவும் வாயில் ஊற்ற வேண்டாம், புரையேறும். தெருவே வந்து சுற்றி நின்றால் காற்றும் போய்விடும், தைரியமும் போய்விடும். மெயின் ரோடு வரை நடத்திக் கூட்டிவருவது, பைக்கில் நடுவில் உட்காரவைத்து ஒருவர் பின்னால் பிடித்துக்கொள்வது, இரண்டும் வேண்டாம். அவர் போடும் மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு பையில் அள்ளிக்கொண்டு போங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வரை போக வேண்டியிருந்தாலும், பக்கத்தில் இருக்கும் அரசு மருத்துவமனையில் ஓர் இ.சி.ஜி. எடுத்து முதல் மருந்து கொடுத்து அனுப்ப முடியும். மாரடைப்புக்கான முதல் தவணை மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே கொடுக்கும் 'இதயம் காப்போம்' திட்டம் 2023 முதல் இருக்கிறது.

என்னைப்போல் மேசைக்குப் பின்னால் நிற்கும் மருந்துக்கடை நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இரவு எட்டு மணிக்கு மேல் வாய்வு மாத்திரை கேட்டு ஒருவர் வந்தால், எடுப்பதற்கு முன் அவரை உட்காரச் சொல்லுங்கள். எப்போதிலிருந்து, படுத்தால் கூடுகிறதா, வேர்க்கிறதா, சர்க்கரை, இரத்த அழுத்தம் உண்டா என்று கேளுங்கள். இரண்டு நிமிடம்கூட ஆகாது. பதிலைக் கேட்பதோடு, அவர் எத்தனை தடவை நிறுத்தி நிறுத்திப் பதில் சொல்கிறார் என்பதையும் கவனியுங்கள். அவர் வேறு கடைக்குப் போய்விடுவார் என்று பயப்பட வேண்டாம். எல்லாக் கடையிலும் இதே கேள்வியைக் கேட்டால் எங்கே போவார்?

நான் இப்போது கடை வாசலில் ஒரு மர நாற்காலி போட்டிருக்கிறேன். போன மாதம் வீரவநல்லூரிலிருந்து வந்த தறிக்காரர் ஒருவரை அதில் உட்காரவைத்தேன். வயது 57, பிரஷர் உண்டு. நெஞ்சு நிறைந்தாற்போல் இருக்கிறது, மூச்சு சரியாக இல்லை, வாய்வு மாத்திரை கொடுங்கள் என்றார். நெற்றியில் வேர்வை இருந்தது. மாத்திரை கொடுக்க மாட்டேன் என்றேன். "வாய்வுக்கு மாத்திரை கேட்டால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுகிறீர்களே" என்று கோபப்பட்டார். கடையை மூடிவிட்டு நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன். இரவு முழுக்க வைத்திருந்து, இரண்டு தடவை இ.சி.ஜி. எடுத்து, இரத்தமும் பார்த்து, இதயத்தில் ஒன்றும் இல்லை என்று காலையில் அனுப்பிவைத்தார்கள். பத்து மணிக்கு நேரே என் கடைக்கு வந்தார். இரவெல்லாம் தூக்கம் கெட்டது, வீட்டில் எல்லோரும் அழுதுவிட்டார்கள், ஒரு நாள் தறி நின்றுபோனது என்று சத்தம் போட்டார். முழுவதும் கேட்டுக்கொண்டு நின்றேன். பிறகு அந்த வாய்வு மாத்திரையில் ஓர் அட்டையை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

இப்படிக்கு,
மருந்துக்கடைக்காரர்,
சேரன்மகாதேவி